கயிற்றில் கட்டிய வீடு

“…அப்ப இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் யாருமே இருக்க மாட்டாங்களா, சேர்?”

என் மனைவி இதைக் கேட்டபோது அங்கே சுவரே இல்லை. நான்கு மூலையில் நான்கு முளை, அவற்றைச் சுற்றி ஒரு நைலோன் கயிறு. அன்றைக்கு எங்கள் வீடு அவ்வளவுதான். கயிற்றுக்கு உள்ளே, பின்னறை வரப்போகும் இடத்தில் அவள் நின்றாள். வெளியே, நான் வரைந்த படத்தைக் கையில் பிடித்தபடி பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நின்றார்.

“யாரு இருக்கிறது அக்கா? காத்துதான் இருக்கும்,” என்றார். சிங்கள மனிதர். வருஷக்கணக்காகத் தோட்டந்தோட்டமாய் அளந்து திரிந்ததில் எங்கள் பேச்சு அவர் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. நாங்கள் இருந்தது தேயிலைத் தோட்டத்து இரட்டை லயம். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை அறைகள். வலச் சுவருக்குப் பின்னால் ஒரு குடும்பம், இடச் சுவருக்குப் பின்னால் ஒரு குடும்பம், பின்சுவருக்குப் பின்னால் இன்னொன்று. வெளிச்சம் வருவதென்றால் முன்பக்கத்தால்தான் வரவேண்டும். உப்பு வேண்டுமென்றால் என் மனைவி இடச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். “என்னக்கா?” என்று அந்த வீட்டுத் தங்கச்சி சுவருக்குள்ளிருந்து கேட்பாள். அந்தத் தங்கச்சி ஒருமுறை சொன்னதை நான் பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்: “நான் மொளகா வதக்குனா எங்க வீட்டுல யாரும் தும்ம மாட்டாங்க, அக்கா வீட்டுலதான் தும்முவாங்க.”

அந்த மாதிரி வீட்டில் பிறந்து வளர்ந்தவன் வீடு கட்டச் சொந்தமாக ஏழு பேர்ச் காணி கிடைத்ததும் படம் வரைந்தால் எப்படி வரைவான்? கொழும்பில் இரண்டு வருஷம் ஒரு மேசன் பாஸுக்குக் கையாளாக இருந்த தைரியம் எனக்கு. சின்ன வீடுதானே, அளவு சரியாக இருந்தால் நீங்களே வரைந்ததும் போதும் என்று பிரதேச சபையில் சொல்லியிருந்தார்கள். அளவு சரியாகத்தான் இருந்தது. நான்கு அறை. முன்னால் ஒரு கதவு, இரண்டு ஜன்னல். மற்ற மூன்று சுவரையும் அடிமட்டம் வைத்து நல்ல தடிப்பாக, ஓட்டையில்லாமல் இழுத்திருந்தேன்.

“ஒரு அறையோட தரை எவ்வளவோ, அதுல ஏழுல ஒரு பங்காவது ஜன்னல் இருக்கணும்,” என்றார் உத்தியோகத்தர். “பின்னறைக்கு இல்ல. குசினிக்கு இல்ல. இது என்ன, பிஸ்கட் டின்னா? ஏன் தம்பி ஜன்னல் வைக்கல?”

வாயைத் திறந்தேன். மூன்று பக்கமும் ஆட்கள் இருக்கும்போது அவர்கள் மூஞ்சியிலா ஜன்னல் வைப்பது என்று சொல்லப்போனேன். சுற்றிப் பார்த்தேன். மூன்று பக்கமும் புல்லும் தேயிலையும் தவிர வேறொன்றும் இல்லை. அந்த நேரத்தில்தான் என் மனைவி, சுவருக்கு அந்தப் பக்கம் யாருமே இருக்க மாட்டாங்களா என்று கேட்டாள்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சிரிக்க நேரமில்லை. மறுநாள்தான் பிளான்களைப் பார்க்கும் கூட்டம். இதில் விட்டால் அடுத்த மாதம். அதற்குள் மழை இறங்கிவிடும். மழைக்காலத்தில் சரிவில் மண் வெட்டக்கூடாது என்று மண்சரிவு அபாயத்தைப் பார்க்க வந்தவர்கள் கொடுத்த கடிதத்திலேயே எழுதியிருந்தது. அப்படியானால் அத்திவாரம் தை மாதத்துக்குத்தான். போன மழையில், ஒழுகிய இடமெல்லாம் சட்டி வைத்துவிட்டு, லயத்துத் தகரத்தை அண்ணாந்து பார்த்து என் மனைவி சொல்லியிருந்தாள்: “ஒனக்கும் எனக்கும் இன்னும் ஒரே ஒரு மழைதான்.” தகரத்துக்குக் கொடுத்த வாக்கு அது. அதை நான் வரைந்த மூன்று கோடு கெடுக்கப் பார்த்தது.

“இப்பவே திருத்தினா கையெழுத்து வச்சு எடுத்துட்டுப் போறேன்,” என்றார் அவர். “எங்கெங்க ஜன்னல் வேணும்?”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கயிற்றுக்குள் நடக்கத் தொடங்கினாள்.

“இங்க ஒண்ணு. இங்க ஒண்ணு. அடுப்புக்கு நேரா ஒண்ணு. பாத்திரம் கழுவுற எடத்துல ஒண்ணு. சாமி மூலைக்குச் சின்னதா ஒண்ணு. பின்னறைக்கு ரெண்டு.”

“அக்கா, செவுருக்கும் கொஞ்சம் எடம் விடுங்க. கூரை எதுமேல நிக்கிறது?”

“அத அவரு பாத்துக்குவாரு,” என்று என்னைக் கை காட்டினாள்.

ஒருவழியாக ஐந்துக்கு ஒத்துக்கொண்டார்கள். அவர் டேப்பை இழுத்தார். வலப்பக்கம் இழுத்தவர் உதட்டைப் பிதுக்கினார். ஜன்னல் வைத்த சுவர் எல்லையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டுமாம். எங்கள் கயிறு இரண்டு அடியில் நின்றது.

அந்த எல்லைக்கு அப்பால் கிடைத்திருந்த காணி யாருக்கென்றால், அதே சுவர்த் தங்கச்சிக்கு. வேடிக்கை பார்க்க வந்து நின்றவள் சொன்னாள்: “எங்க பக்கந்தானே சேர், பாத்தா பாத்துட்டுப் போகட்டும். இவ்வளவு நாளும் காதாலதானே பாத்தாங்க.”

“நீங்க விட்டுடுவீங்க. சட்டம் விடாதே,” என்றார் அவர். “வீட்டைத் தள்ளணும்.”

நான் குனிந்து முடிச்சை அவிழ்க்கப் போனேன். தங்கச்சியோடு வந்திருந்த அவள் மாமனார் அந்தக் காலத்துக் கங்காணி. “கயித்த ஏன்டா அவுக்குற?” என்றார். “வீட்டோட தூக்கு.”

தூக்கினோம். ஒரு முளை என் கையில், ஒன்று தங்கச்சி கையில், ஒன்று கங்காணி கையில். நான்காவதுக்கு ஆள் இல்லை. உத்தியோகத்தர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிளானை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவரே பிடுங்கினார்.

“நான் எறங்கவாங்க?” என்று என் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

“நீங்க உள்ளயே இருங்கக்கா, வீடு காலியா போகக்கூடாது,” என்றாள் தங்கச்சி.

காலைப் பெரட்டில் வேலைக்கு ஆளெண்ணிய அதே குரலில் கங்காணி அடி சொன்னார். வீடு இடப்பக்கம் நடந்தது. நடுவில் என் மனைவி, குசினியும் பின்னறையும் தன்னோடு வர, பக்கவாட்டில் எட்டு வைத்து நடந்தாள். இரண்டு எட்டுக்கூடப் போகவில்லை, “நில்லுங்க, நில்லுங்க,” என்றார் உத்தியோகத்தர். இந்தப் பக்கம் மண்மேட்டின் விளிம்பு கிட்ட வந்துவிட்டது. “இப்ப திருப்பணும்.”

வீட்டைத் திருப்புவது லேசில்லை. என் மூலை நின்ற இடத்திலேயே நிற்க, எதிர்மூலைத் தங்கச்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ஒரு தேயிலைச் செடியில் கயிறு மாட்டியது. “செடி வீட்டுக்குள்ள வந்துருச்சு சேர்,” என்றாள்.

“வெளிய விடுங்க, அதுக்கு பர்மிட் இல்ல,” என்றார் அவர். சொல்லிவிட்டு அவரே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். சிரிப்பில் அவர் மூலை சரிந்து எங்கள் முன்னறை கொஞ்ச நேரம் முக்கோணமாகிக் கிடந்தது.

மூன்றாவது திருப்பலில் எல்லாம் ஒத்துவந்தது. எல்லை, விளிம்பு, நடைபாதை, குடிக்கும் பீலித் தண்ணிக்கும் மலக்குழிக்கும் இடைவெளி, எல்லாவற்றையும் இரண்டு தரம் அளந்தார். முளைகளை நானே கல்லால் அடித்து இறக்கினேன். மோட்டார் சைக்கிள் சீட்டில் பிளானை விரித்து, சிவப்புப் பேனாவால் என் தடித்த சுவர்களில் ஐந்து ஓட்டை போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

“நாளைக்குக் கூட்டத்துல வைக்கிறேன். இதுல இனிச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல,” என்றார். அவர் சொன்னபடியே மறுநாள் பாஸானது. மழைக்கு முன்னால் அத்திவாரமும் எழும்பியது. தகரத்துக்குக் கொடுத்த வாக்கு, தட்டுத்தடுமாறித் தப்பியது.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த மத்தியானம்தான். மோட்டார் சைக்கிள் சத்தம் வளைவில் இறங்கி மறைந்தது. கங்காணியும் தங்கச்சியும் மேலே லயத்துக்கு ஏறத் தொடங்கினார்கள். என் மனைவி இன்னும் கயிற்றை விட்டு வெளியே வரவில்லை. கீழே றொசல்ல ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது. லயத்துக்குள்ளிருந்து காலமெல்லாம் கேட்க மட்டும் முடிந்த சத்தம். வீடு திரும்பியதில் பின்னறை இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் பின்சுவர் வரப்போகும் இடத்துக்குப் போனாள். விரலை மடக்கி, காற்றில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“என்னக்கா?” என்றாள் தங்கச்சி, பாதி மேட்டிலிருந்து, பழக்கதோஷத்தில்.

என் மனைவி, சிவப்புப் பேனா ஜன்னல் போட்ட இடம் எதுவென்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஜன்னல் சட்டத்தில் தலை இடிக்காமல் இருக்க நன்றாகக் குனிந்து, கழுத்தை வெளியே நீட்டி, ரயிலைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.