தையலைப் பார்த்து எடுத்த ஜீப்

மழை விட்டு ஒரு மணி நேரம் இருக்கும். கடை வாசலில் ஒரு தம்பி வந்து நின்றார். ஐ.டி.யில் வேலையாம். பெரும்பாக்கம் பக்கம் குடியிருக்கிறாராம். மேலே கூரையில்லாத பழைய ஜீப் ஒன்று வாங்கப்போகிறாராம், சனி ஞாயிறு ஓட்ட. போனில் மூன்று ஜீப்புகளைத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

"அண்ணா, இதுல எது நல்லா இருக்கும்? நீங்க பழைய ஆளு, பாத்துச் சொல்லுங்க."

நான் குஷன் கடைக்காரன். இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரம் கடை. சீட்டுக்கு உறை தைப்பேன். ஜீப்புக்கும் வேனுக்கும் டாப் என்கிற கேன்வாஸ் கூரை தைப்பேன். இன்ஜினைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அது முன்னால் இருக்கும் என்பது மட்டும்தான். சில வண்டிகளில் பின்னால் இருக்கிறது. அதனால் அதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பதில் சொல்லாமல் நின்றேன். தம்பி என் முகத்தையே பார்த்தார். பிறகு, "ஓ, மூணுமே வேணாங்கறீங்க" என்றார்.

உள்ளே சுருட்டி வைத்திருந்த கேன்வாஸ் மழையில் நனைந்துவிட்டது. ஈரக் கேன்வாஸுக்கு ஒரு வாசனை உண்டு. நனைந்த நாய்க்கும் மெழுகுவத்திக்கும் நடுவில் இருக்கும். எனக்குப் பிடிக்கும். என் வீட்டுக்காரிக்குப் பிடிக்காது. கல்யாணமான புதிதில் வாசலிலேயே சட்டையைக் கழற்ற வைப்பாள். அந்த வாசனையும், தம்பி சொன்ன அந்த வார்த்தையும் சேர்ந்து வந்ததில் எனக்குத் தேவராஜ் சார் ஞாபகம் வந்துவிட்டது. அவரும் இப்படி என் முகத்தைப் பார்த்து இதையேதான் சொன்னார். இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும்.

சார் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று போர்டில் அழகாகப் படம் போட்டு விளக்குவாராம். பானெட்டைத் திறக்கத் தெரியாது. மடிப்புக் கலையாத சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. வாழ்க்கையில் தாறுமாறாக ஒரு காரியம்கூடச் செய்ததில்லை. ஆனால் சின்ன வயதில் ஏரிக்கரை மேல் ஒரு இன்ஜினியர் திறந்த ஜீப்பில், ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறார். அது உள்ளேயே உட்கார்ந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதில் வெளியே வந்தது. ஜீப் வாங்குவதற்கு முன்னாலேயே தொப்பி வாங்கிவிட்டார்.

ஜீப் பார்க்க என்னை எதற்குக் கூட்டிப் போனார் என்றால், நான் பேச மாட்டேன், அதற்குத்தான். பேசுகிற மெக்கானிக்குகளிடம் ஏற்கெனவே இரண்டு தடவை ஏமாந்திருந்தார். பேசாதவனுக்கு விவரம் தெரிந்திருக்கும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். எனக்கும் அது நன்றாகத்தான் இருந்தது. ஏழாவதோடு படிப்பை விட்டவனை ஒரு வாத்தியார் வந்து யோசனை கேட்கிறார். கெடுப்பானேன்.

முதல் ஜீப் மேடவாக்கத்தில் ஒரு மரத்தடியில் நின்றது. பின்சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. கோழி எழுந்ததும் ஓட்டிப் பார்க்கலாம் என்றார் வண்டிக்காரர். எத்தனை நாள் ஆகும் என்று சார் நிஜமாகவே கேட்டார்.

இரண்டாவது வண்டியில் சார் ஏறி உட்கார்ந்து காலை வைத்தார். அடித்தகட்டு ஓட்டை வழியாகக் கால் நேராக மண்ணில் பட்டது. வண்டிக்குள் இருந்தபடியே நின்றுகொண்டிருந்தார். மூன்றாவதில் பத்து லைட்டும், குழந்தை அழுகிற மாதிரி ஒரு ஹாரனும். அடித்துக் காட்டினார்கள். எதிர்வீட்டில் ஒரு அம்மா தொட்டிலைப் பார்க்க ஓடினார்.

ஒவ்வொரு வண்டிக்கும் சார் என் முகத்தைப் பார்ப்பார். "வேணாங்கறீங்க" என்பார். நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். பெரும்பாலும் டீ குடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

நாலாவது முடிச்சூரில். கன்னியப்பன் என்று ஒரு புரோக்கர். ஷெட் வாசலில் சிமெண்டுச் சரிவு. அதன் மேல் மூக்கைக் கீழே வைத்து ஜீப் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா சார், சொன்ன டயத்துக்குக் கரெக்டா வந்துட்டீங்க. உங்களுக்காவதான் சூடு பண்ணி வச்சிகீறேன்" என்றான்.

எவ்வளவு மரியாதை என்று சார் நெகிழ்ந்துவிட்டார். எனக்காவது ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பச்சைக் கேன்வாஸ் டாப். தேவையில்லாதபோது கழற்றி மடித்துவிடலாம். பின் ஜன்னல் மூலையில் முக்கோணமாக ஒரு துண்டு, அதன் மேல் இரட்டைத் தையல். அந்த மூலைதான் முதலில் கிழியும் என்பதால் எல்லாரும் அங்கே துண்டு வைப்பார்கள். ஆனால் சதுரமாக வைப்பார்கள். முக்கோணம் வைக்கிறவன் இந்தப் பக்கத்தில் ஒருத்தன்தான். நான். வேலை கற்ற கடையில் இருந்தபோது தைத்தது. ஆறேழு மழை பார்த்திருக்கும். ஒரு நூல் பிரியவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன்.

சார் அதைக் கவனித்துவிட்டார். "என்ன?" என்றார் மெதுவாக.

"எடுத்துக்கலாம் சார்" என்றேன்.

வண்டி தேடின அந்த நாளெல்லாம் நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

கன்னியப்பன் பெருந்தன்மையாக, "ஒரு வாரம் ஓட்டுங்க சார். புடிக்கலையா, திங்கக்கெயம வந்து வுட்டுடுங்க, நோட்ட திருப்பிக் குடுத்துடறேன்" என்றான். அப்படி நடக்காது என்று அவனுக்கு நம்பிக்கை. அன்று செவ்வாய்க்கிழமை. சார் தொப்பியோடு வீட்டுக்கு ஓட்டிப் போய், வாசலில் அணைத்தார்.

புதன்கிழமை காலை சாவியைத் திருப்பினால் கிர்ர் என்று சுற்றியது. அவ்வளவுதான். பால்காரரும் சாரும் தள்ளிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். நான் பானெட்டைத் திறந்து, பக்கத்துக்கடை மெக்கானிக் வரும் வரைக்கும் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய.

மெக்கானிக் சொன்னது இது. இன்ஜினோடு ஒரு பெரிய சக்கரம் இருக்கிறது. சாவி போட்டால் செல்ஃப் மோட்டாரின் பல் போய் அந்தச் சக்கரத்தின் பல்லைக் கடித்துச் சுற்ற வேண்டும். சக்கரத்துக்குப் பல் தேய்ந்துவிட்டது. "பொக்க வாய்ல முறுக்கு கட்ச்சா மாரி கீதுபா. இன்ஜின எறக்கணும். பத்து நாளு ஆவும்."

கன்னியப்பன் ஏன் சூடு பண்ணி வைத்திருந்தான், ஏன் சரிவில் நிறுத்தியிருந்தான் என்பது அப்போது விளங்கியது. சார் அப்படியே பம்பர் மேல் உட்கார்ந்துவிட்டார். ஏனென்றால் வீட்டில் ஒரு நிபந்தனை இருந்தது.

சார் சம்சாரம் பேர் ஸ்டெல்லா. நான் அக்கா என்பேன். ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். அளந்து பேசுவார், அளந்து சிரிப்பார். ஜீப் வந்த அன்றே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து படப்பையில் இருக்கும் அவர் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும், வர வேண்டும். "வழியில எங்கயாவது நின்னுதுன்னா, திங்கக்கிழமை வண்டி அந்தாளு வாசல்ல நிக்கணும். சரியா?" சார் சரி என்று தலையாட்டியிருந்தார்.

"திருப்பிக் கொடுத்துடலாமா?" என்று என்னைக் கேட்டார். கேட்கும்போது தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

நான் சொன்ன ஒரே வார்த்தையை நம்பி எடுத்த வண்டி. திருப்பிக் கொடுத்தால் என் மௌனத்துக்கு அப்புறம் ஒரு மரியாதையும் இருக்காது. "அணைக்காம ஓட்டிட்டா?" என்றேன்.

சார் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "தியரி கரெக்ட்" என்றார்.

டாப்பில் சின்ன வேலை இருக்கிறது என்று சொல்லி நாலு நாள் ஜீப்பை என் கடை வாசலில் வைத்துக்கொண்டோம். அப்போது என் கடை மேட்டில் இருந்தது. வாசலில் இருந்து ரோட்டுக்கு நல்ல சரிவு. ஞாயிறு காலை சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை எடுத்துவிட்டு லேசாக ஒரு தள்ளு. சரிவில் உருண்ட வேகத்தில் இன்ஜின் எடுத்துக்கொண்டது. திருத்தின டாப் பழகும்வரை நான் கூட இருப்பது நல்லது என்று அக்காவிடம் சார் சொன்னார். டாப் பழகுமா என்று அக்கா கேட்கவில்லை.

பூசை ஒன்றரை மணி நேரம். கோயில் வாசலில் இன்ஜின் ஓட ஓட நான் உட்கார்ந்திருந்தேன். சாமியார் பிரசங்கத்தைவிட எங்கள் சத்தம் தூக்கலாக இருந்தது. உள்ளேயிருந்து ஒருவர் வந்து, அணை அல்லது போ என்று கையைக் காட்டினார். போனேன். கோயிலைச் சுற்றி நாலு தெரு. சுற்றி வந்தேன். இன்னும் பூசை முடியவில்லை. மறுபடி சுற்றினேன். வாசலில் பூ விற்கிற அம்மா ஐந்தாவது சுற்றில் கேட்டார்.

"இன்னாபா, வேண்டுதலா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அது பொய் இல்லை.

படப்பை வரைக்கும் நின்று போகவில்லை. சார் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓட்டினார். அந்த இன்ஜினியர் மாதிரியே இருந்திருக்கும். மாமியார் வீட்டுத் தெரு சப்பைத் தட்டு மாதிரி சமம். ஒரு சாண் சரிவு கிடையாது. சார் இறங்கினார், நான் அவர் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தேன். அவ்வப்போது ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டுக்கொண்டேன்.

உள்ளே மாமியார் குரல் கேட்டது. "அந்தத் தம்பி ஏன் எறங்க மாட்டேங்குது?"

"அவருக்குக் கால்ல அடி அத்தை."

"அப்ப அந்தக் காலு ஏன் ஆடிக்கினே கீது?"

சாருக்கு அது பாடத்தில் இல்லாத கேள்வி.

கொஞ்ச நேரத்தில் அக்கா வெளியே வந்தார். ஒரு கையில் மட்டன் குழம்பு ஊற்றிய சோற்றுத் தட்டு. இன்னொரு கையில் மோர் டம்ளர். "சாப்பிடுங்கண்ணா" என்று தட்டை என் இடது கையில் கொடுத்தார். டம்ளரை வலது கையில் கொடுத்தார். என் இரண்டு கையும் நிறைந்ததைப் பார்த்துக்கொண்டு, சாவகாசமாகக் கையை நீட்டி, டீசல் இன்ஜினை நிறுத்துகிற குமிழை வெளியே இழுத்தார்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. காக்கா கத்துவது கேட்டது. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு ஏதோ ஒன்று கேட்டது.

"இப்ப எடுங்கண்ணா."

டம்ளரை வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். கிர்ர்.

சார் வாசல்படியில் சோறு அள்ளின கையோடு நின்றார். அக்கா சத்தத்தைக் கவனித்துக் கேட்டார். "பல்லு தேஞ்சிருக்கா?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"புதன்கிழமையே தெரியும். பால்காரர் சட்டை முதுகெல்லாம் வேர்வையோட வந்து பால் ஊத்தினாரு. எங்கப்பா ட்ராக்டர் பத்து வருஷம் இப்படித்தான் ஓடிச்சு. இந்தத் தெருவுல ஸ்கூல் யூனிபார்மோட தள்ளினவ நான்." பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார். "நீங்க சொல்லித்தானே எடுத்தாரு. எதைப் பாத்து எடுத்துக்கலாம்னு சொன்னீங்க?"

இதற்கு மேல் பேசாமல் இருக்க முடியவில்லை. "டாப்பு நான் தெச்சதுக்கா. முக்கோணம் பிரியாம இருந்துச்சு. இன்ஜினு எனக்குத் தெரியாது" என்றேன்.

அக்கா சிரித்தார். அளந்து சிரிக்கிறவர் பம்பரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து சிரித்தார். மாமியார் என்னவோ ஏதோ என்று வெளியே வந்துவிட்டார். சார் மட்டும் சிரிக்கவில்லை. கை காய்ந்துபோய் நின்றார். மெதுவாக, "நாளைக்குக் கொண்டுபோய் விட்டுடறேன் ஸ்டெல்லா" என்றார்.

அக்கா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "எறங்குங்கண்ணா" என்றார். இறங்கினேன். அவர் ஏறி ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். சாருக்கு முதலில் புரியவில்லை. பிறகு தொப்பியைக் கொடுத்தார்.

"பத்து வருஷமும் அண்ணன் மேல உக்காந்து ஓட்டுவான். நான் பின்னால தள்ளுவேன். ஒரு நாள்கூட என்னை ஏத்தல" என்றார். தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் கையக் கழுவிட்டு வந்து தள்ளுங்க."

தள்ளினோம். பின்னாலிருந்து அண்ணனைப் பார்த்தே கற்றிருப்பார், செகண்ட் கியரில் கிளட்சை விட்டார். எடுத்துக்கொண்டது. தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். நிறுத்தவில்லை. இன்னொரு தரம் போனார்.

வண்டி எங்களிடமே இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. அந்தப் பல்லை மாற்றக் கூடாது. அக்கா போட்டது. அதற்கப்புறம் எட்டு வருஷம், பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில், படப்பைக்குப் போகிற வழியில் காய்ந்து கிடந்த ஏரிக்குள் அக்கா ஜீப் ஓட்டினார். டாப்பைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத்தான். புழுதியில் இரண்டு சுற்று வருவார், ஏரிக்கு நட்டநடுவில் வண்டி அணைந்துவிடும். தானாக அணைந்ததா, குமிழ் இழுக்கப்பட்டதா என்று கடைசி வரைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. நானும் சாரும் தள்ளுவோம். தள்ளும்போது சார் விசை, உராய்வு என்று ஏதாவது பாடம் சொல்லிக்கொண்டே வருவார். "பேசற மூச்சத் தள்றதுல காட்டுங்க" என்று மேலேயிருந்து சத்தம் வரும். நான் பேச மாட்டேன். அதனால் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

இப்போது அந்த ஏரிக்குள் வண்டி இறங்க வழியில்லை. கம்பி வேலி. வேலி ஓரம் வரைக்கும் அடுக்குமாடி. ஜீப் துருப்பிடித்துக் காயலான் கடைக்குப் போனது. சார் ஒரு ஆடி மாதம் காலமானார். அக்கா மகளோடு பெங்களூரில். தொப்பியை எடுத்துப் போனதாகக் கேள்வி. டாப் மட்டும் என்னிடம் வந்தது. கடைக்குள் நனைந்து கிடந்தது அதுதான்.

தம்பி இன்னும் போனை நீட்டிக்கொண்டு நின்றார்.

"தள்றதுக்கு ரெண்டு பேர் கீறாங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குண்ணா. நின்னுச்சுன்னா ஒரு போன் போட்டா வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்று சிரித்தார். நான் ஜோக் அடித்தேன் என்று நினைத்தாரோ என்னவோ.

அவர் போன பிறகு வாசலில் தேங்கின தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளினேன். ரோட்டை வருஷா வருஷம் ஏற்றிப் போட்டு, கடை பள்ளத்துக்குப் போய்விட்டது. சரிவு இப்போதும் இருக்கிறது. ஆனால் உள்பக்கம் பார்த்து. தள்ளின தண்ணீர் திரும்பிக் கடைக்குள்ளேயே வருகிறது.