லூயெல்லா ஒட்டிய வெள்ளைத் துண்டு

லூயெல்லா கிரேபில் என்னை ஒருநாளும் நம்பியதில்லை. எங்கள் ஊரில் கார் நம்பர் பிளேட்டும் நோட்டரி முத்திரையும் கிடைக்கும் ஒரே கடை என்னுடையது. பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் பென்சில்வேனியாத் தாய்மார்கள் கோடையில் பள்ளி மாவட்ட அலுவலகத்துக்குப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதற்கு முத்திரை குத்துவது என் வேலை. மற்றவர்கள் தாளை நீட்டிவிட்டு மழையைப் பற்றிப் பேசுவார்கள். லூயெல்லா கையெழுத்துக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு மீதியை உள்ளங்கையால் மூடிக்கொள்வாள்.

"உனக்கு வேண்டியது என் கையெழுத்துதான, கிளைட்? மத்ததெல்லாம் உனக்கு எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் அவள் சொல்வது சரிதான் என்பதால் வாயை மூடிக்கொண்டு முத்திரையைக் குத்துவேன்.

சந்தேகம் அவள் கூடப் பிறந்ததல்ல. மகள் திர்சா இரண்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்ட முடியாமல் திணறியபோது, எதையும் மறைக்காமல் சொல்லுங்கள், உதவுகிறோம் என்று பள்ளியில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். இவளும் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் கொட்டினாள். புருஷன் லாரி ஓட்டப் போனால் வாரக்கணக்கில் வீட்டுக்கு வருவதில்லை, பிள்ளை பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுகிறது, நானும் சில நாள் கூட உட்கார்ந்து அழுகிறேன் என்று. உதவி வரவில்லை. குழந்தை நல அதிகாரிதான் வாசலில் வந்து நின்றார், அவள் சொன்னதையெல்லாம் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு. அந்த மாதமே திர்சாவைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேதம்: சட்டம் கேட்டதைக் கொடு, கேட்காததைப் பற்றி மூச்சு விடாதே. சட்டப் புத்தகத்தை அவள் கரைத்துக் குடித்திருந்தாள். படித்த புத்தகங்களின் பெயர்களை அன்றன்றே எழுத வேண்டும், எழுதினாள். பிள்ளை போட்ட கணக்குகளில் சிலவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும், வைத்தாள். தீ விபத்தைப் பற்றிய பாடம் கட்டாயம் என்று எங்கள் மாநிலத்தில் இருப்பதால், வருடா வருடம் திர்சாவைப் புகை வந்தால் அலறும் மணிக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்துக் கோப்பில் ஒட்டினாள். அந்தப் பெண் ஒரு படத்தில்கூடச் சிரிக்கவில்லை.

வருடக் கடைசியில் கோப்பைப் பார்த்து, பிள்ளையோடு பேசி, தகுந்த கல்வி நடக்கிறது என்று ஒரு மதிப்பீட்டாளர் கடிதம் தர வேண்டும். அலுவலகத்துக்கு அந்தக் கடிதம் போனால் போதும், கோப்பு போக வேண்டியதில்லை. லூயெல்லா வைத்துக்கொண்டது ஓய்வுபெற்ற ஆசிரியை ஆர்லீன் ஷ்வெங்கை. முகத்துக்கு நேரே யாரையும் பாராட்டத் தெரியாத பெண்மணி. ஆனால் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியதை எழுதிவிட்டு, கையெழுத்துக்கு மேலே கூடுதலாக ஒரு வாக்கியம் எழுதுவார். அதை விட்டுவிடுங்கள் என்று லூயெல்லா கேட்டுப் பார்த்தாள். என் கடிதம், என் இஷ்டம் என்றார் ஆர்லீன்.

லூயெல்லா என்ன செய்தாள் தெரியுமா? அந்த வாக்கியத்தின்மேல் வெள்ளைத் தாள் துண்டு ஒன்றை ஒட்டி, நூலகத்தில் நகலெடுத்து, நகலை அலுவலகத்தில் கொடுத்தாள். மூலத்தை அடுப்பில் போட்டாள். வருடா வருடம் இதே வேலை.

சென்ற கோடையில் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த எழுத்தர் நகலில் துண்டின் விளிம்பு நிழலாக விழுந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆவணம் திருத்தப்பட்டிருக்கிறது, கையெழுத்திட்ட மூலம் வேண்டும், இல்லையென்றால் விசாரணை என்று கடிதம் வந்தது. விசாரணையில் தோற்றால் திர்சா மறுபடி அதே பள்ளிக்குப் போக வேண்டும்.

லூயெல்லா முதலில் எழுத்தரைச் சந்தேகப்பட்டாள், பிறகு தபால்காரரை, பிறகு என்னை.

"யார்கிட்டயாவது வாய விட்டியா, கிளைட்?"

"நீ எதைக் காட்டின, நான் எதை விட?"

அன்றுதான் உடைந்துபோய்த் துண்டு ஒட்டிய கதையைச் சொன்னாள். ஆர்லீனிடமே போ என்றேன். போனாள். அதே கடிதத்தை மறுபடி எழுதித் தர ஆர்லீன் ஒப்புக்கொண்டார். ஆனால் பிறகு யாரும் போலிக் கையெழுத்து என்று சொல்லிவிடக் கூடாதாம், ஆர்லீன் என் கண்ணெதிரே கையெழுத்துப் போட வேண்டும், நான் முத்திரை குத்த வேண்டும் என்றாள். திர்சாவையும் கூட்டி வந்தாள். பதின்மூன்று வயது, அம்மாவைவிட உயரம்.

ஆர்லீன் திட்டவில்லை. "ஒரு எழுத்துகூட மாத்தல, லூயெல்லா," என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். லூயெல்லாவின் கை தாளுக்குப் போவதற்குள் திர்சா அதை எடுத்துவிட்டாள். விரலை வைத்து, மெதுவாக, சத்தமாகப் படித்தாள்.

"திர்சா நிதானமாகப் படிக்கிறாள். ஆனால் படித்ததை இவளைப்போல் உள்வாங்கிக்கொண்ட பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை."

தலை நிமிர்ந்து, "இது இந்த வருஷம் எழுதினதா டீச்சர்?" என்று கேட்டாள்.

"வருஷா வருஷம் இப்படி ஏதாவது எழுதறதுதான், கண்ணு."

 லூயெல்லா, "சட்டம் அதைக் கேக்கலடி," என்றாள்.

"நான் கேட்டேனேம்மா. ஒவ்வொரு தடவையும், டீச்சர் என்னைப் பத்தி என்ன எழுதினாங்கன்னு கேட்டேன். பரவாயில்லைன்னு எழுதியிருக்காங்கன்னு சொன்னியே."

 எனக்கு லூயெல்லாமேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஊரெல்லாம் தன் பிள்ளைக்கு எதிரி என்று காவல் நின்றவள், பிள்ளைக்கு வந்த நல்ல வார்த்தையையும் உள்ளே விடவில்லை.

அலுவலகம் கடிதத்தை ஏற்றுக்கொண்டது. விசாரணை இல்லை. திர்சா இன்னும் வீட்டில்தான் படிக்கிறாள். இந்த வருடம் ஆர்லீன் கடிதம் எழுதிய அன்று, அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டு சைக்கிளில் நேரே என் கடைக்கு வந்தாள். ஒரு நகல் எடுத்துத் தன் பைக்குள் பத்திரப்படுத்திய பிறகுதான் கடிதத்தை அம்மாவிடம் கொண்டுபோனாள்.