பக்கத்து இருக்கையின் கையெழுத்து

மூன்றாம் கவுன்ட்டர் அக்கா படிவத்தின் அடியில் அளவுகோலை வைத்து ஒரு கோடு இழுக்கிறார். கோட்டுக்குக் கீழே, தாள் கிழிகிற அழுத்தத்தில், 'பக்கத்து இருக்கை மாணவர் கையொப்பம்' என்று எழுதுகிறார். பல்கலைக்கழகப் படிப்பை விட்டு விலகுகிறவர்களுக்கான படிவம் அது. அச்சடித்தவர்கள் அப்படியொரு கையொப்பம் கேட்கவே இல்லை. கேட்பவர் அக்கா மட்டும்தான்.

"வாங்கிட்டு வா. சும்மா இங்க நிக்காத."

அலுவலகத்தில் அவருக்கு வாயாடி என்று பெயர். இருக்கட்டுமே. கையெழுத்து வாங்கப் போகிறவன் பக்கத்தில் இருப்பவனிடம் 'நான் போறேன்' என்று வாய்திறந்து சொல்லியாக வேண்டும். சொன்னவர்களில் பாதிப் பேர் படிவத்தோடு கவுன்ட்டருக்குத் திரும்பி வருவதில்லை, படிப்பிலேயே தங்கிவிடுகிறார்கள். அவர்களை வழியில் பார்த்தால், "வகுப்பு இல்லயா உனக்கு?" என்று விரட்டுவார்.

இந்தக் கோபத்துக்கு மூன்று வயது. அன்று ஒரு பெண்ணுக்கு இரண்டே நிமிடத்தில் படிவத்தை முடித்துக் கொடுத்தார். மறுவாரம் அவளுடைய அப்பா வந்து, மகள் எந்த வகுப்பில் இருக்கிறாள் என்று கேட்டார். வீட்டுக்கும் போகாத அவளைக் கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. வகுப்பில் அவளைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

அதற்குப் பல்கலைக்கழகம் செய்த வைத்தியம், மன உறுதிப் பயிலரங்கு. முந்நூறு பேரைக் கூடத்தில் அடைத்து, 'மாற்றத்துக்குப் பழகு' என்று திரையில் காட்டினார்கள். உறுதி வந்துவிட்டதாம், சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

"வந்த புள்ளைங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துச்சா சார்?" என்று அக்கா பதிவாளரிடமே கேட்டார். பதில் எழுத்தில் வந்தது: படிவத்தில் இனி எதையும் சேர்த்தால் வேலை இருக்காது.

இன்று நண்பகல், வரிசையில் ஒரு முதலாண்டுப் பையன். அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் பதிவாளர். அவர் கண்ணெதிரிலேயே அக்கா கோட்டை இழுத்தார்.

பையன் படிவத்தைப் பார்த்தான். "எனக்குப் பக்கத்துல யாரும் உக்கார்றதில்லக்கா."

"தொண்ணூறு பேர் இருக்கற வகுப்புல? வெக்கமா இல்ல?" என்று அக்கா இரைந்தார். அவனிடம் இல்லை, பின்னால் திரும்பி.

"வரிசை நிக்குது. கொடுத்து அனுப்பும்மா," என்றார் பதிவாளர்.

அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். பையனைச் சுவரோரப் பெஞ்சுக்கு இழுத்துப் போனார். "தள்ளி உக்காரு," என்று அவன் பக்கத்தில் அமர்ந்தார்.

பதிவாளர் இரண்டு முறை கூப்பிட்டார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.