காயலாங்கடை ரம்பமும் என் காதும்

புது மிஷின் வாங்கறவங்களைப் பாத்தா எனக்குக் கொஞ்சம் பாவமாத்தான் இருக்கும். பெட்டியைப் பிரிச்சான், பெட்ரோல் ஊத்தினான், கயிறை இழுத்தான், ஓடுது. அதுல இன்னா இருக்கு? செத்துப்போச்சுனு தூக்கிப் போட்ட மரம் அறுக்கிற மிஷினை மடியில வச்சுக்கினு, ஒவ்வொரு திருகாக் கழட்டி, டீசல்ல கழுவி, மறுபடி மாட்டணும். ஒரு நாள் சாயங்காலம் அது ரெண்டு தடவை இருமி, புகையைக் கக்கி, உறும ஆரம்பிக்கும் பாருங்க, அந்தச் சுகத்தை எந்த ஷோரூம்லயும் விக்க மாட்டான்.

எனக்கு வேங்கிக்கால்ல, ஆபீஸுங்க இருக்கிற பக்கம், ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. வீடு மலைக்குப் பின்பக்கம், அடி அண்ணாமலையில. பொண்ணைக் கட்டிக் கொடுத்தாச்சு, இப்ப நானும் என் வீட்டுக்காரியும்தான். ஒரு மழைக்காலத்துல அடிச்ச காத்துல வீட்டுப் பின்னாடி நின்ன தூங்குமூஞ்சி மரம் மாட்டுக் கொட்டாய் ஓரமா சாஞ்சுடுச்சு. மாட்டை முன்னாடியே வித்துட்டதால தப்பிச்சோம். அறுக்க வர்றேன்னவன் இன்னிக்கு, நாளைக்குனு இழுத்தடிச்சான். எனக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. நேராக் காயலாங்கடைக்குப் போயி, மூலையில கெடந்த ஒரு ரம்ப மிஷினைத் தூக்கிக்கினு வந்துட்டேன். அதை ஓட வைக்கறதுக்குள்ள மரத்துல பாதியைக் கரையான் தின்னுடுச்சு. ஆனா மிஷின் ஓடுச்சு. அன்னிக்குப் பிடிச்ச பைத்தியம்தான் இது.

வீட்டுக் காசுல கை வைக்கக் கூடாதுங்கறது வீட்டுக்காரி போட்ட சட்டம். அதனால நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். கடையில தப்புத் தப்பா விழுந்த ஜெராக்ஸ் பேப்பர் மூட்டையாச் சேரும். அதைக் காயலாங்கடையில போட்டுட்டு, காசுக்குப் பதிலா ஓடாத மிஷினா எடுத்துக்குவேன். ஓட ஆரம்பிச்சதும் தோப்பு வச்சிருக்கிற யாருக்காவது கம்மி விலைக்குக் கொடுத்துட்டு, வந்ததுல அடுத்ததுக்கு ப்ளக்கும் செயினும் வாங்குவேன். குப்பையைக் கொடுத்து குப்பையை வாங்கிக்கினு வர்ற ஒரே ஆம்பளை என் வீட்டுக்காரர்தான்னு அவ சொந்தக்காரங்க எல்லாருகிட்டயும் சொல்லிச் சிரிப்பா.

குப்பைதான், ஆனா பாத்து வாங்கணும். ஸ்டார்ட் பண்ற கயிறோட கைப்பிடியைப் பிடிச்சு மிஷினை அப்படியே தொங்க விடணும். சர்ருனு கீழ எறங்கிச்சுனா இஞ்சின் தேஞ்சு போச்சுனு அர்த்தம். மனசில்லாம, நின்னு நின்னு எறங்கிச்சுனா உள்ள உசுரு இருக்கு. அப்புறம் சைலென்சரைக் கழட்டி, அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாக்கணும். பிஸ்டன் வழவழனு இருந்தா சரி. கோடு கோடாக் கீறியிருந்தா எவனோ ஆயில் கலக்காம வெறும் பெட்ரோலை ஊத்தி ஓட்டியிருக்கான். அந்தப் புண்ணியவானை வாய் நெறைய திட்டிட்டுக் கீழ வச்சிடணும். ஒருத்தர் வீட்டுக்கே போயி வாங்கறதா இருந்தா, பேச்சு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இஞ்சினைத் தொட்டுப் பாக்கணும். சூடா இருந்தா நம்ம வர்றதுக்குள்ள அவர் மல்லுக்கட்டி ஓட வச்சிருக்காருனு அர்த்தம். இதெல்லாம் ஏமாந்து ஏமாந்து நானாக் கத்துக்கினது.

ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கொட்டாய்க்குள்ள போனா எனக்கு வேற உலகம். தகரத்துல இருக்கிற ஓட்டை வழியா வெயில் புள்ளி புள்ளியா விழும். மரத்தூள் அந்த வெளிச்சத்துல மெதுவா மெதக்கும். பெட்ரோல் வாசனை, ஆயில் வாசனை, எப்பவோ கட்டியிருந்த மாட்டோட வாசனைகூட மழை நாள்ல லேசா வரும். எங்க பக்கத்துல இருந்து பாத்தா மலை வேற மாதிரி தெரியும், டவுன்ல இருக்கிறவங்க பாக்கற மலை இல்ல. அது மேல ஒரு மேகம் வந்து உக்காந்துக்கும். கையில கார்புரேட்டரை வச்சுக்கினு நான் அதையே பாத்துக்கினு இருப்பேன். எவ்ளோ நேரம் போச்சுனே தெரியாது.

மத்த வேலையெல்லாம் கை பாத்துக்கும். கடைசி வேலை மட்டும் காதோடது. கார்புரேட்டர்ல சின்னத் திருகு இருக்கும். அதைத் துளி திருப்பினா உள்ள போற பெட்ரோல் ஜாஸ்தியாகும், இல்ல கம்மியாகும். ஜாஸ்தியானா தொண்டை கட்டினவன் மாதிரி கரகரனு கத்தும். கம்மியானா கீச்சுனு மேல போகும், அப்படியே விட்டா சூடேறி இஞ்சின் இறுகிடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சத்தம் இருக்கு. அது எங்க இருக்குனு என் காதுக்குத் தெரியும்னு நான் நெனச்சுக்கினு இருந்தேன்.

காது போனது எப்பனு கேட்டா எனக்குத் தெரியாது. போற சத்தம் சொல்லிட்டா போகுது? குக்கர் விசில் அடிச்சு அடிச்சு அடிப்பிடிக்குது, பக்கத்துலயே உக்காந்துக்கினு அமத்த மாட்டீங்களானு வீட்டுக்காரி சண்டைக்கு வந்தா. வேணும்னே வம்புக்கு இழுக்கறானு நெனச்சு நானும் பதிலுக்குக் கத்தினேன். அப்புறம் ஒரு பௌர்ணமி அன்னிக்குச் சாயங்காலம் தெரு முனையில நின்னுக்கினு இருந்தேன். கிரிவலக் கூட்டம் போய்க்கினே இருந்துச்சு. அத்தனை வெறுங்காலும் தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி சத்தமில்லாமப் போச்சு. அப்பா தோள்ல உக்காந்திருந்த ஒரு குழந்தை ஊதல் ஊதுச்சு. கன்னம் உப்பறது தெரியுது, சத்தம் வரல. பொய் சொல்வானேன், எனக்கு அது பிடிச்சுகூட இருந்துச்சு. எல்லாரும் எங்கயோ கனவுல போறாங்க, நான் மட்டும் முழிச்சுக்கினு பாக்கறேன்னு தோணுச்சு. வீட்டுக்கு வந்து அவகிட்ட சொன்னேன். அவ சிரிக்கல. மறுநாளே காது டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போயிட்டா.

சின்ன ரூம்ல உக்கார வச்சு, காதுல ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்கனு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டாங்க. நானும் ரொம்ப நேரம் காத்துக்கினு இருந்தேன். கடைசியில கதவைத் திறந்து, மிஷின் ரிப்பேரானு கேட்டேன். அந்த டாக்டரம்மா என் பொண்ணை விடச் சின்னது. மிஷின் நல்லா இருக்குங்க ஐயானு மெதுவாச் சொல்லிச்சு. மெல்லிசா மேல போற சத்தமெல்லாம் எனக்குப் போயிடுச்சாம், திரும்ப வராதாம். ரம்பத்தை விட்டா மிச்சம் இருக்கறது தங்கும், விடலன்னா அதுவும் போகும்னு சொல்லிச்சு. காதுக்கு மிஷின் வச்சுக்கலாம், ரம்பம் ஓட்டித்தான் ஆகணும்னா காதை மூடிக்கினு ஓட்டணும்னும் சொல்லிச்சு. காதை மூடிக்கினு காதோட வேலையை எப்படிம்மா செய்யறதுனு கேட்டேன்.

அப்ப கொட்டாய்ல ஒரு பெரிய ஆரஞ்சு கலர் மிஷின் இருந்துச்சு. அந்த மாதிரி ஒண்ணு கைக்குக் கிடைக்காதானு நான் வருஷக்கணக்கா ஏங்கினது. தோப்புக்காரர் ஒருத்தர் போட்டுட்டுப் போனதாம். தொங்க விட்டுப் பாத்தேன், கம்பீரமா எறங்குச்சு. பிஸ்டன்ல ஒரு கீறல் கிடையாது. இப்படி ஒண்ணை ஏன் எடைக்குப் போட்டாங்கனு அப்பவே யோசிச்சிருக்கணும். ஆசை, யோசிக்க விடல. பெட்ரோல் ட்யூப் மாத்தினேன், கார்புரேட்டருக்குள்ள புதுசா எல்லாம் போட்டேன், பல்லு பல்லா அரம் போட்டு செயினைத் தீட்டினேன். முழு மிஷினையும் தேய்ச்சுக் கழுவினேன், டேங்க் மூடியைத் தவிர. அதுல ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வச்ச சந்தனமும் குங்குமமும் அடுக்கு அடுக்கா ஏறிக் காஞ்சு கெட்டியாக் கெடந்துச்சு. பொட்டை யாராவது சுரண்டுவாங்களா? அந்த வருஷப் பூஜைக்கு நானும் என் பங்குக்கு அது மேலயே ஒண்ணு வச்சேன்.

மிஷின் ஓடுச்சு. அழகா ஓடுச்சு. கொஞ்ச நேரத்துல நின்னுடுச்சு. பெட்ரோல் இருக்கானு மூடியைத் திறந்து பாத்துட்டு மறுபடி இழுத்தா ஓடும். மறுபடி நின்னுடும். திருகை இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன். எத்தனை ஞாயித்துக்கெழம போச்சுனு சொல்ல வெக்கமா இருக்கு. முன்னாடியா இருந்தா மிஷினைத்தான் திட்டியிருப்பேன். இப்ப என்னைத்தான் திட்டிக்கினேன். அந்த நடுச் சத்தம் என் காதுக்கு இனிமே சிக்காது, தப்பாத் திருப்பறேன், அதான் நிக்குதுனு முடிவே பண்ணிட்டேன். ராத்திரி சோத்துல கை வச்சுக்கினு வீட்டுக்காரிகிட்ட சொன்னேன், இந்த மிஷின் ஓடலன்னா கொட்டாயைப் பூட்டிடறேன், எல்லாத்தையும் காயலாங்கடையிலயே திருப்பிப் போட்டுடறேன்னு. அவ எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தினா.

அடுத்த ஞாயித்துக்கெழம கடைசியா ஒரு தடவை இழுத்தேன். ஓடுச்சு, நின்னுச்சு. போதும்டா சாமினு ஆயிடுச்சு. மிஷினைக் கல்லு மேல வச்சிட்டு, அப்படியே கீழ உக்காந்துட்டேன். மலை இருந்துச்சு, மேகம் இருந்துச்சு, மரத்தூள் மெதந்துச்சு. ஒண்ணும் மனசுல ஒட்டல. அழுகை வந்துச்சு, அழுதேன். அப்புறம் டேங்க்ல இருக்கிற பெட்ரோலைக் கேன்ல ஊத்திடலாம்னு எழுந்து மூடியைத் திருகினேன். கொடியில துணி எடுத்துக்கினு இருந்த வீட்டுக்காரி எப்ப பக்கத்துல வந்தானு தெரியல. என் முகத்துக்கு நேரா வந்து நின்னு, எனக்குக் கேக்கற மாதிரி சத்தமாச் சொன்னா.

"இன்னாங்க அது, மூடியைத் திறக்கும்போது உஸ்ஸுங்குது?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. எதுவும் கேக்கலையேனு சொன்னேன். உங்களுக்குக் கேக்காது, எனக்குக் கேட்டுச்சுனு சொன்னா. அவளை நிக்க வச்சிட்டு மூடியை மறுபடி போட்டு, மிஷின் சாகற வரைக்கும் ஓட்டிட்டுத் திறந்தேன். உஸ்ஸுனு உதட்டைக் குவிச்சுக் காட்டினா. நின்னுச்சே, அதுக்கு முன்னாடி சத்தம் எப்படி இருந்துச்சுனு கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு, சாகப் போறப்ப மட்டும் கீச்சுனு மேல போச்சுனு சொன்னா.

நான் திருப்பினது தப்பே இல்ல. பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குக்குள்ள காத்து வரணும். அதுக்கு மூடியில ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை வச்சிருப்பான். அது அடைச்சுக்கினா பெட்ரோல் எறங்காது, மிஷின் பட்டினி கெடந்து நின்னுடும். மூடியைத் திறந்தா காத்து உஸ்ஸுனு உள்ள போயிடும், மறுபடி கொஞ்ச நேரம் ஓடும். அந்த ஓட்டை மேல தோப்புக்காரர் வருஷா வருஷம் பக்தியாச் சந்தனம் வச்சிருக்காரு. போதாதுனு நானும் வச்சிருக்கேன்.

அவ தாலிக்கொடியில மாட்டியிருந்த ஊக்கைக் கழட்டிக் கொடுத்தா. ஆத்தா, கோச்சுக்காதேனு சொல்லிட்டுப் பொட்டைச் சுரண்டி, ஓட்டையைக் குத்தி எடுத்தேன். கயிறை இழுத்தேன். ஓடுச்சு. நிக்கவே இல்ல. மிச்சம் கெடந்த தூங்குமூஞ்சிக் கட்டையை வெண்ணெய் மாதிரி அறுத்துச்சு. மரத்தூள் என் கால் மேல, அவ புடவை மேல, காயற துணி மேல எல்லாம் பறந்துச்சு. டேங்க் காலியாகற வரைக்கும் ஓட்டினேன்.

அப்புறம் ரெண்டு பேரும் அந்தக் கட்டை மேலயே உக்காந்தோம். அவ துணியில ஒட்டின தூளைத் தட்டிக்கினே என் காதுப் பக்கமாச் சாஞ்சா.

"போன வாரமே அந்தச் சத்தம் கேட்டுச்சு. அதுலதான் ஏதோ இருக்குதுனு தோணுச்சு. சொல்லாம இருந்துட்டேன். சொல்லலன்னா பூட்டிடுவீங்க, இருக்கிற காதாவது மிஞ்சும்னு பாத்தேன்."

பின்ன இன்னிக்கு நீ ஏன் சொன்னேனு கேட்டேன்.

"இன்னிக்கு நீங்க உக்காந்திருந்ததைப் பாத்தேங்க. அப்படி ஒரு ஆளை வச்சுக்கினு நான் இன்னா பண்றது?"

எனக்குக் கோவம் வந்திருக்கணும். வரல. இனிமே காதை மூடிக்கினுதான் கயிறைத் தொடணும், காதுக்கு மிஷின் வாங்கணும், சத்தத்தை அவ தள்ளி, கொல்லைக் கிணத்துப் பக்கம் நின்னு கேட்டு, திருகை எந்தப் பக்கம் திருப்பணும்னு கையால காட்டுவானு வரிசையாச் சட்டம் போட்டா. எல்லாத்துக்கும் தலையை ஆட்டினேன். ஆனா மனசு வேற எங்கயோ இருந்துச்சு. இத்தனை நாளா மூடியைத் திருகின என் கையிலயே இருந்துருக்கு அந்தச் சத்தம், ஒரு தடவைகூட நான் கேக்கல.

அந்த உஸ்ஸு எப்படி இருந்துச்சுனு கேட்டேன். கிண்டல் பண்ணுவானு நெனச்சேன். பண்ணல. என் தலையை இழுத்து, காதுல வாயை வச்சு, உஸ்ஸுனா. சத்தம் வரல. அவ மூச்சுக் காத்து மட்டும் வெதுவெதுனு காதுல பட்டுச்சு.

கேட்டுச்சானு கேட்டா.

இன்னொரு வாட்டி பண்ணுனு சொன்னேன்.