கதவு வைத்த சிலந்தி

1988 கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான். ஆனால் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு. பள்ளிக் கண்காட்சியில் எதையாவது வைத்து அசத்த வேண்டுமென்று, செண்பகத்தோப்பில் சக ஆசிரியையின் மாந்தோப்புக்குப் போயிருந்தேன்.

மாட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், ஓடைக்கரைச் சரிவில் விரல் வைத்துக் காட்டினார். நாலணாக் காசு அளவில் ஒரு மண்மூடி. பாசி படிந்து கரையோடு கரையாக இருந்தது. ஊக்கால் நெம்பினேன். உள்ளேயிருந்து ஒரு சிலந்தி மூடியைப் பிடித்து இழுத்தது! அத்தனூண்டு உயிர் என்னோடு மல்லுக்கு நின்றதில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“வேணாம் டீச்சர். அதுக்குத் தெரிஞ்ச இடம் அம்புட்டுதான்.”

“மண்ணு குடுத்தா புதுசாக் கட்டிக்கிடும்” என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

களைக்கொத்தியால் தோண்டத் தோண்ட, உள்ளே நூல் பூசிய அந்தக் குழி பொலபொலவென்று உதிர்ந்தது. மூடியும் நொறுங்கிவிட்டது. சிலந்தியை மட்டும் ஊறுகாய் பாட்டிலில் மண்ணோடு போட்டுக் கொண்டுவந்தேன். கண்காட்சியில் அதன் முன்னால் அப்படி ஒரு கூட்டம். முதல் பரிசும் கிடைத்தது. ஆனால் பத்து நாளாகியும் அது குழி தோண்டவில்லை. போட்ட பூச்சியையும் தொடவில்லை. கால்களை மடக்கி ஓரமாகவே கிடந்தது.

பயம் வந்துவிட்டது. பாட்டிலோடு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் தோப்புக்கு ஓடினேன். கரையில் விட்டால் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். அது அசையவே இல்லை. அதற்குள் எறும்புகள் வரத் தொடங்கின. என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தேன்.

அதே பெண் புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு வந்தார். “வீட்டை இடிச்சுப்புட்டுக் கொண்டாந்து விட்டா அது எங்க போகும்? செத்த தள்ளுங்க டீச்சர்.”

ஈர மண்ணில் குச்சியால் ஒரு குழி குத்தி, புல்தாளால் சிலந்தியை மெல்ல நகர்த்திவிட்டார். வெகு நேரம் வாசலிலேயே நின்ற அது, கடைசியில் உள்ளே இறங்கியது.

“கதவு போட்டுக்கிடுமா?”

“தெம்பு இருந்தாப் போடும்.”

அடுத்த வாரம் போய்ப் பார்க்க மனம் துடித்தது. போகவில்லை. திறந்து கிடக்கும் குழியைப் பார்த்துவிடுவேனோ என்று பயம். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தக் குழிக்குக் கதவு வந்ததா என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது, அந்தத் தெரியாமைதான் எந்த உயிர்மேலும் கை வைக்கும் முன் என்னை ஒரு நிமிடம் நிறுத்துகிறது.