பாதி வழியில் மணப்பெண் படம்

"இவ்ளோ நேரம் நல்லாத்தான இருந்த, இப்ப இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்க?" என்று கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார் செந்தமிழ்ச்செல்வி. கள்ளக்குறிச்சியில் பேனர் அடிக்கும் கடை அவருடையது. மெஷினோடும் பேசுவார், மை டப்பாவோடும் பேசுவார், லேமினேஷனுக்காகக் காத்திருக்கும் என்னோடும் பேசுவார். எல்லாருக்கும் ஒரே குரல்தான். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அன்றைய வம்பு வெள்ளிமலையிலிருந்து. அங்கே சடையன் என்பவரின் மகளுக்கு மறுநாள் கல்யாணம். மணமக்கள் படத்தோடு பெரிய பேனர் சாயங்கால பஸ்ஸில் மலையேற வேண்டும். படத்தை அனுப்புவது வெள்ளிமலையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பிரவீன்குமார். அனுப்பும் புரோகிராம் அவர் லேப்டாப்பில், வாங்கும் புரோகிராம் செல்வியிடம். பாதி வந்ததும் இணைப்பு அறுந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து.

"வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாமே" என்றேன்.

"அம்மாம் பெரிய பேனர்ல மூஞ்சி கலங்கிப்பூடுங்க. கல்யாணப் பொண்ணுங்க!" என்று முறைத்தார்.

வயரைப் பிடுங்கிச் செருகினார். மோடத்தை அணைத்துப் போட்டார். பாஸ்வேர்டை மாற்றினார். ஒன்றும் எடுபடவில்லை. மறுபடியும் அறுந்ததும் பிரவீன்குமாருக்குப் போன் போட்டார்.

"தம்பி, கட்டாவறப்ப நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"ஒண்ணும் இல்லக்கா. போன் பேசிக்கினு இருந்தேன்."

"எந்த போன்ல?"

"இருக்கறதே ஒண்ணுதானக்கா. லேப்டாப்புக்கு நெட்டும் அதுலர்ந்துதான்."

போனில் மணி அடித்தாலே மலையில் நெட் போய்விடுமாம். மணி அடித்துக்கொண்டே இருந்தவர் பெண்ணின் அப்பா சடையன். படம் போய்விட்டதா என்று கேட்டுக் கேட்டே அதைப் போகவிடாமல் நிறுத்தியிருக்கிறார் மனுஷர். கூப்பிட வேண்டாம் என்று பிரவீன்குமார் சொல்லியும் பார்த்தாராம். சரி சரி என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப கூப்பிடலாமா?" என்று கேட்கக் கூப்பிட்டாராம்.

செல்வி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அவுரு நம்பரக் குடு. நீ அனுப்பிக்கினே இரு."

அடுத்த நிமிஷம், "அண்ணா, பேனர் கடை செல்விங்க. கல்யாண வேலையெல்லாம் எப்பிடிப் போய்க்கினு இருக்கு?" என்றார். அவ்வளவுதான். பந்தல், பந்தி, மாப்பிள்ளையின் புதுச்செருப்பு என்று சடையனின் குரல் போனைத் தாண்டிக் கடை முழுக்கக் கேட்டது. திரையில் படம் இறங்குவதைக் காட்டும் பச்சைக்கோடு அறுபது சதவீதத்தைத் தாண்டியது, எண்பதைத் தாண்டியது. இங்கே பேசிக்கொண்டிருப்பவர் பிரவீன்குமாரைக் கூப்பிட முடியாதே!

"பொண்ணோட அம்மா போனதுலர்ந்து இவதாம்மா எனக்குப் பேச்சுத்தொண. நாளைக்கி இவளும் போயிட்டா வூட்ல யாருகூடப் பேசுவேன்?" என்றது அந்தக் குரல்.

அப்போது படம் முழுசாக வந்து இறங்கியது. நான் துள்ளிக் குதித்துத் திரையைக் காட்டினேன். மணப்பெண் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். செல்வியும் பார்த்துச் சிரித்தார். ஒரு கையாலேயே படத்தைப் பேனரில் பொருத்தி மெஷினை ஓடவிட்டார். பிறகு போனை மறு காதுக்கு மாற்றி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பறம் சொல்லுங்கண்ணா."