பழுதில்லாத ஹெட்போன்

என் அக்கா புருஷனை எல்லாரும் மெச்சுவது அவர் காதுக்காகத்தான். ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தால் திறந்துகூடப் பார்க்க மாட்டார். கண்ணை மூடி இரண்டு நொடி கேட்டுவிட்டு, "உள்ள காயில் எரிஞ்சு போச்சு" என்றோ "உள்ள ஒயர் விட்டிருக்கு" என்றோ சொல்லிவிடுவார். அது தப்பியதே இல்லை. எங்கள் ரிப்பேர் கடையில் பாதி மேசை அவருக்கு, மீதி எனக்கு. நான் செல்போன் ரிப்பேர் பார்ப்பவன். பன்னிரண்டு வருஷமாக அந்தக் காதை மெச்சிய முட்டாள்களில் நானும் ஒருத்தன்.

கெட்ட மனுஷன் இல்லை. இதைச் சொல்லவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். குடி கிடையாது, வீண் வம்பு கிடையாது. பிள்ளையை அடித்துத்தான் வளர்க்க வேண்டும் என்பதில் மட்டும் இம்மி விட்டுக்கொடுக்க மாட்டார். பிரம்பெல்லாம் தேவையில்லை, வலது கை போதும். எதிரே நிற்கும் பிள்ளையின் இடது கன்னத்தில், காதோடு சேர்த்து விழும்.

"எங்கப்பா என்னை வெளுத்த வெளுப்புக்கு இதெல்லாம் தடவிக்குடுக்கற மாதிரி, மாப்ள. நான் என்ன கெட்டா போயிட்டேன்?" என்பார். நானும் சிரித்து வைப்பேன்.

பிள்ளை என்று இருப்பது ஒரே மகள். ஒன்பது வயது. எங்களுக்கு அவள் வாயாடி. கடைக்கு வருகிறவர்களிடம் அவளே பேரம் பேசுவாள். போன வருஷம் அந்த வாய் அடங்கிப்போனது. "வளர்றால்ல, பொறுப்பு வந்திருச்சு" என்று அக்கா சந்தோஷப்பட்டாள். மச்சானுக்கு அது திமிராகப் பட்டது. மூன்று தடவை கத்தினால்தான் திரும்புகிறாள். "காதுல வாங்கறாளா பாரு" என்று எழுந்துபோய் ஒன்று வைப்பார். மறுநாளும் திரும்ப மாட்டாள். மறுநாளும் ஒன்று வைப்பார்.

ஒரு விடுமுறை நாளில் கடைக்கு வந்திருந்தாள். மச்சான் ஒரு ஹெட்போனுக்கு ஒயர் பற்றவைத்து, மாட்டிப் பார்க்கச் சொல்லி அவளிடம் கொடுத்தார். இடது பக்கத்துக்குச் சிவப்புப் பொட்டு வைப்பது அவர் வழக்கம்.

"ரெண்டும் கேக்குதா?"

"செவப்பு கேக்கலப்பா."

பிரித்து மறுபடி பற்றவைத்தார். கேட்கவில்லை என்றாள். இன்னொரு தடவை. அப்போதும் இல்லை. தானே மாட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் கணீரென்று பாடியது.

"விளையாடறியா? செவுட்டுல ஒண்ணு விட்டேன்னா..." சொல்லும்போதே விட்டுவிட்டார். நான் என் ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அழவில்லை. ஹெட்போனை அவசரமாக எடுத்து மாட்டினாள், பக்கம் மாற்றி. சரியான பதிலைச் சொல்லித் தப்பித்துவிட வேண்டும் என்று முகமெல்லாம் தவிப்பு.

"அப்பா, இப்ப செவப்பு கேக்குதுப்பா. மத்ததுதான் கேக்கல."

மச்சான் பற்றவைக்கும் கம்பியைக் கீழே வைத்தார். இரண்டு நொடியில் பழுது கண்டுபிடிக்கிற மனுஷன் ஒரு வருஷம் கழித்துக் கண்டுபிடித்தார்.

டாக்டர் இடது காதைப் பார்த்தார், பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொருவரும் பார்த்தார். உள்ளேயும் அடிபட்டிருக்கிறது, இனித் திரும்பாது என்றார்கள். "எப்படி ஆச்சு?" என்று டாக்டர் கேட்டபோது பெரியவர்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்தோம். "கீழ விழுந்துட்டேன்" என்றாள் வாயாடி. டாக்டர் அவளை நம்பவில்லை. எங்களைப் பார்த்து, "மிச்சம் இருக்கறது ஒரு காது. அதையாவது பத்திரமா பாத்துக்கங்க" என்றார். அது அவளுக்கும் கேட்டிருக்கிறது.

அதற்குப் பிறகு மச்சான் அவளைத் தொட்டு அடிக்கவில்லை. வலது பக்கம் உட்கார்ந்து மெதுவாகப் பேசிப் பார்க்கிறார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். அவள் ஒரே ஒரு தடவை பழையபடி வாயடித்தால் போதும் என்று அந்த ஆள் காத்துக்கிடக்கிறார். பார்க்கவே சகிக்கவில்லை.

நேற்று சாயங்காலம் அவள் மேசையோரம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே இருந்த அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுக்க மச்சான் வலது கையைத் தூக்கினார். அவ்வளவுதான். பேனா கீழே விழுந்தது. அவள் இரண்டு கையாலும் வலது காதை இறுகப் பொத்திக்கொண்டு, இடது கன்னத்தை அவருக்குத் திருப்பிக் காட்டினாள்.

"இதுல அடிங்கப்பா. இதான் ஏற்கெனவே போயிருச்சே."

தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மச்சான் என்னைப் பார்த்தார். நான் அப்போதும் ஸ்க்ரூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.